எதுவும் இல்லை என்று எழுதினேன்

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஒரு பெரிய நிறுவனத்தில் கட்டடப் பராமரிப்பு மேலாளராக இருந்தேன். இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எது உடைஞ்சாலும் எனக்குத்தான் போன் வரும்" என்று சொல்லி முடித்துவிடுவேன். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில், முகப்பெல்லாம் கண்ணாடி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை, கிள்ளானில் பெரிய கிடங்கு, அது போக அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டு சின்ன இடங்கள். மொத்தம் பதினொன்று. லிப்ட் நின்றாலும், மழை பெய்து கூரை ஒழுகினாலும், கழிவறையில் தண்ணீர் வராவிட்டாலும் அந்தப் பதினோரு இடங்களிலிருந்தும் என்னைத்தான் தேடுவார்கள்.

வீடு பிரிக்பீல்ட்ஸில், பன்னிரண்டாவது மாடி. கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவர் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன், நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதையெல்லாம் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. அந்தப் படிவங்கள் வந்தபோது நான் எந்த நிலையில் இருந்தேன் என்று தெரிந்தால்தான், நான் செய்த காரியம் புரியும்.

எங்கள் நிறுவனம் பல்லுயிர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை அறிவித்திருந்தது. ஆண்டறிக்கையின் அட்டையில் இருவாட்சிப் பறவையின் படம் போட்டிருந்தார்கள். எங்கள் பதினோரு இடங்களில் ஒன்றில்கூட இருவாட்சி கிடையாது. கொள்கையைக் கவனித்துக்கொள்ள ஒன்பதாவது மாடியில் ஒரு புதிய பிரிவு வந்தது. அதன் அதிகாரி ஒரு மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவர். அவர் எல்லாப் பிரிவுகளுக்கும் படிவம் அனுப்பினார். உங்கள் இடத்தில் என்னென்ன உயிரினங்கள் உள்ளன? நீர்நிலை உண்டா? நம் வேலையால் அவற்றுக்குப் பாதிப்பு உண்டா? ஓர் இடத்துக்கு ஒரு படிவம்.

பதினோரு படிவங்களையும் ஒரே மதியத்தில் நிரப்பினேன். ரவாங்கில் குளிர்சாதனம் நின்று போய், நான்கு பேர் என்னைத் தொலைபேசியில் திட்டிக்கொண்டிருந்த மதியம் அது. உயிரினங்கள்: எதுவும் இல்லை. நீர்நிலை: இல்லை. பாதிப்பு: இல்லை. முதல் படிவத்தில் எழுதியதை நகலெடுத்து மற்ற பத்திலும் ஒட்டினேன். கொசு இருக்கிறது என்று எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சிரிப்புக்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டு ஆறிப்போன தே தாரிக் தேநீரைக் குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய வாரம், தலைமை அலுவலகத்தில் தீயணைப்புக் குழாய் ஒன்று ஒழுகுகிறது என்று காவலாளி அழைத்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். குழாய்க்காரர் இன்னும் வரவில்லை. கட்டடத்தைச் சுற்றி நடந்தபோது கிழக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவருக்குக் கீழே, துப்புரவு வேலை செய்யும் அக்கா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். சாலாக் செலாத்தானிலிருந்து வருபவர். எனக்கும் அவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும். எங்கள் நிறுவனத்தின் ஆள் இல்லை, துப்புரவுக் குத்தகைக்காரரின் ஆள். வருஷக்கணக்காக லிப்டில் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன். அதற்கு மேல் பேசியதில்லை.

அவர் கையில் பழைய நாளிதழ் விரிந்திருந்தது. அதில் மூன்று பறவைகள்.

ஒன்று என் உள்ளங்கை அளவு. முதுகு பச்சை, இறக்கையில் நல்ல நீலம், அடிவயிற்றில் குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு. இப்படியொரு பறவையை நான் கோலாலம்பூரில் பார்த்ததே இல்லை. கழுத்து ஒரு பக்கமாகத் துவண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"குருவி மேடம். கண்ணாடியில அடிச்சு விழுந்திருக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு மூணு. நேத்து ஒண்ணு. மழைக்காலத்துல வரும் மேடம். வருஷா வருஷம் இந்தத் தீபாவளி நேரத்துல ஆரம்பிக்கும்."

"வருஷா வருஷமா? யாருகிட்டயும் சொல்லலையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கேட்ட கேள்வி விளங்கவில்லை என்பது போன்ற பார்வை.

"யாருகிட்ட சொல்றது மேடம்? ஆள் வர்றதுக்குள்ள சுத்தமா இருக்கணும்னுதான் சொன்னாங்க. நான் சுத்தமாத்தானே வச்சிருக்கேன்?"

ஆமாம், சுத்தமாகத்தான் வைத்திருந்தார். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்ததால்தான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. குப்பைப் பையில் போட மனசு வரவில்லை என்று, செடிகளுக்கு நடுவே சின்னக் குழி தோண்டிப் புதைத்து வந்திருக்கிறார். அதற்கும் ஒருமுறை அவருடைய மேற்பார்வையாளர் திட்டியிருக்கிறார்.

அந்தப் பறவையைக் கைப்பேசியில் படம் எடுத்து ஒன்பதாவது மாடி அதிகாரிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அவரே இறங்கி வந்துவிட்டார். மலாயில் அதை 'புருங் பாச்சாட்' என்பார்களாம். வடக்கே குளிர் தொடங்கும்போது கிளம்பி இரவெல்லாம் பறந்து தெற்கே வருமாம். கட்டட விளக்கு அதைக் கீழே இழுக்கும், விடியும்போது கண்ணாடியில் தெரியும் மர நிழலை மெய்யான மரம் என்று நம்பிப் போய் மோதும் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார், "உங்கள் படிவத்தில் எதுவும் இல்லை என்று இருந்ததே?"

நான் குழாய்க்காரரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வாங்கி அந்த அக்காவிடம் கொடுத்தேன். எந்தப் பக்கத்தில், எத்தனை, என்ன நிறம் என்று எழுதச் சொன்னேன். "எனக்குப் பேரெல்லாம் தெரியாதே மேடம்" என்றார். தெரிந்த மாதிரி எழுதுங்கள் என்றேன். அப்படியே எழுதினார். 'பச்சை, சின்னது, கழுத்து ஒடிஞ்சது, கிழக்கு.' 'காப்பிக் கலர், உயிர் இருந்துச்சு, தண்ணி குடுத்தேன், செத்துப்போச்சு, கிழக்கு.' ஒவ்வொரு வரியிலும் கிழக்கு என்றே இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் சாலையோர மழைமரங்களின் நிழல் கண்ணாடியில் விழும்.

அதன் பிறகு மற்ற இடங்களிலும் கேட்க ஆரம்பித்தேன். மேலாளர்களை விட்டுவிட்டேன். கூட்டுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், காவலாளிகள், இவர்களிடம்தான் கேட்டேன். ரவாங் தொழிற்சாலையில் புல் வெட்டும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் வேலிக்கு அப்பால் என்னை அழைத்துப் போய், தரையில் மூன்று முட்டை கிடந்த பள்ளத்தையும், பக்கத்தில் குச்சிக் கால்களோடு கத்திக்கொண்டு நின்ற பறவையையும் காட்டினார். களைக்கொல்லி தெளிக்க வரும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போவாராம். தாண்டியதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். கிள்ளான் கிடங்கில், பின்பக்கத்துக் குளத்துக்கு நீர்நாய்கள் வரும் என்றார் காவலாளி. நான்கு, சில நாள் ஐந்து, ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வந்து மீன் பிடித்துத் தின்றுவிட்டுப் போகும். அது ஒரு காலத்தில் செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளம். மழைநீர் நிறைந்து, ஓரங்களில் கோரை முளைத்துக் குளமாகிவிட்டது. எங்கள் நிலத்துக்குள்தான் இருக்கிறது. நானே அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் படிவத்தில் 'நீர்நிலை' என்று படித்தபோது அது நினைவுக்கே வரவில்லை. என் கணக்கில் அது கொசு மருந்து அடிக்க வேண்டிய இடம். அனுப்பிய படிவத்தைத் திருத்த வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை.

இதெல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். ஒரு காலையில் பார்த்தால் கிழக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தார், இந்தோனேசியாக்காரர். அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரமாகியும் வரவில்லை. எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன்.

"என்னை மாத்திட்டாங்க மேடம். காஜாங் பக்கம், பேரங்காடி ஒண்ணு."

"ஏங்க்கா? என்ன ஆச்சு?"

"ஒரு மாடிக்கு இத்தன நிமிஷம்னு அவங்களுக்குக் கணக்கு இருக்கு. நான் வெளிய நின்னு எழுதிட்டே இருக்கேன்னு எவனோ போட்டுக் குடுத்துட்டான். வேலை நேரத்துல உக்காந்து கதை எழுதுறியான்னு கேட்டாங்க."

"நான்தான் எழுதச் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மேடம். மேடம் உனக்குச் சம்பளம் குடுக்குறாங்களான்னு கேட்டாங்க." பின்னால் பஸ் சத்தம் கேட்டது. "உங்க மேல கோவம் இல்ல. முன்னாடி ஒரே ரயில்ல வந்துருவேன், இப்ப ரெண்டு பஸ். அவ்ளோதான். ஆனா இனிமே யாரையும் எதுவும் எழுதச் சொல்லாதீங்க மேடம். உங்களுக்கு அது ஒரு வார்த்தை."

குத்தகைக்காரரை அழைத்துச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, ஒப்பந்தத்தில் பறவை பற்றி ஒரு வரி இருந்தால் காட்டுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். தரை பளபளக்க வேண்டும், கண்ணாடியில் கைரேகை இருக்கக் கூடாது, எட்டு மணிக்கு முன் முகப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதியதே என் பிரிவுதான்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. இருவாட்சி படம் போட்ட கொள்கையைப் படித்துவிட்டு எங்கள் இடங்களில் யாரும் வேலை செய்வதில்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்கிறார்கள். ரவாங்கில் புல் தரையோடு தரையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, அதனால் முட்டை நசுங்குகிறது. அலுவலக விளக்குகள் இரவெல்லாம் எரிய வேண்டும் என்று பாதுகாப்புக் குத்தகையில் இருக்கிறது, அதனால் எரிகின்றன. யாரும் கெட்டவர்கள் இல்லை. எழுதியிருப்பதைச் செய்கிறார்கள்.

ஒன்பதாவது மாடி அதிகாரியும் நானும் உட்கார்ந்து, எல்லாக் குத்தகைகளையும் அடுத்த முறை புதுப்பிக்கும்போது மாற்ற வேண்டிய வரிகளை எழுத ஆரம்பித்தோம். அலுப்பான வேலை. ஒரு வரிக்குச் சட்டப் பிரிவு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். கொள்முதல் பிரிவு, 'முடிந்தவரை' என்ற சொல்லைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும். அந்தச் சொல் இருந்தால் அந்த வரி செத்துப்போகும் என்று விளக்க இன்னொரு கூட்டம். ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். இரண்டு முறை பிரிக்பீல்ட்ஸைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். கணவருக்கும் அதிசயமாக விடுப்பு கிடைத்திருந்தது. முழங்கால் வலியோடு பத்துமலைப் படி ஏற முடியவில்லை. அவரை அனுப்பிவிட்டுக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு யாருடைய குழாயையும் பற்றி நினைக்காத மூன்று நாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று கிள்ளான் காவலாளியிடமிருந்து வந்த தவறிய அழைப்புகள் ஏழு இருந்தன. உடனே அழைத்தேன். "குளத்தில் மண் கொட்டுகிறார்கள்" என்றார் மலாயில்.

அடுத்த ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி எடுத்துக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது லோரிகள் வரிசையாக நின்றன. குளத்தில் பாதி சிவப்பு மண்ணாகிவிட்டது. மண் தள்ளும் இயந்திரம் கரையிலிருந்த கோரையை வேரோடு வழித்துக்கொண்டு போனது. மீதித் தண்ணீர் தேநீர்க் கலராகக் கலங்கியிருந்தது. அதில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துகொண்டிருந்தன.

கிடங்கு மேலாளர் தமிழர், அங்கேயே இருபது வருஷமாக இருப்பவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணே, என்னண்ணே இது? யாரு செய்யச் சொன்னது?"

"லோரி நிறுத்த இடம் இல்லம்மா. ரோட்டுல நிறுத்துனா நகராண்மைக் கழகம் சம்மன் போடுது. போன வருஷமே கேட்டிருந்தேன். இப்பத்தான் அனுமதி வந்துச்சு."

"குளத்துல என்ன இருக்குன்னு யாரும் பாக்கலையா?"

"பாத்தாங்களே. பேப்பர் இருக்கு லா." உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். வேலைக்கான அனுமதிக் கடிதம், மேலே இயக்குநரின் கையெழுத்து. அதனோடு சேர்த்துப் பின் குத்தியிருந்த காகிதத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். உயிரினங்கள்: எதுவும் இல்லை. நீர்நிலை: இல்லை. பாதிப்பு: இல்லை. கீழே என் கையெழுத்து, ஒழுங்காக, தேதியோடு.

"நீங்க போட்டதுதானே?" என்றார் அண்ணன். குத்திக் காட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே குழப்பம்.

"ஆமாண்ணே. நான் போட்டதுதான்."

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேலையை நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். "மேலேயிருந்து கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றார். என் பேரைச் சொல்லுங்கள் என்றேன். இயந்திரம் நின்றது. ஓட்டுநர் இறங்கி நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மறுநாள் இயக்குநர் அறையில் கூட்டம். இயக்குநர் சீனர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. கோபப்பட்டுப் பார்த்ததில்லை, ஆனால் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. ஒன்பதாவது மாடி அதிகாரி இருந்தார், கிள்ளான் அண்ணனும் வந்திருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"எதுவும் இல்லை என்று காகிதம் சொல்கிறது, நீர்நாய் இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள்" என்றார் இயக்குநர். "எதை நம்புவது?"

குளத்தை மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். படிவத்தில் கேள்வி தெளிவாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் ரயிலில் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தபோது அதற்கெல்லாம் தெம்பில்லை.

"காகிதத்தை நம்பாதீர்கள்" என்றேன். "அந்த இடத்துக்குப் போகாமலே எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. அது மட்டுமில்லை, பதினோரு இடத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். ஒரே மதியத்தில்."

அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது மாடி அதிகாரிதான் சொன்னார், "மற்ற பிரிவுகளிலிருந்து வந்தவையும் அப்படித்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 'இல்லை'. அதை நானும் அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆண்டறிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பையிலிருந்து அந்த அக்காவின் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விளக்குமாறு வைக்கும் அறையில் அக்கா விட்டுப்போனது. எழுத்து தமிழில் இருந்ததால் இயக்குநருக்குப் படிக்கத் தெரியாது. நான் வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். நிறமும் கிழக்கும், நிறமும் கிழக்கும். நாலு பக்கம் போனதும் போதும் என்று கையைக் காட்டினார்.

"இதை எழுதியவர் இப்போது எங்கே?"

"காஜாங்கில். இதை எழுதியதற்காக மாற்றிவிட்டார்கள்."

அந்தக் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் பழைய படிவங்கள் எல்லாம் செல்லாது என்று முடிவானது. இனி எங்கேயாவது மண் கொட்டுவதானாலும், மரம் வெட்டுவதானாலும், மருந்து தெளிப்பதானாலும், புதிதாக விளக்குப் போடுவதானாலும், அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும். அங்கே கூட்டுகிறவரையும் புல் வெட்டுகிறவரையும் காவலாளியையும் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். பார்த்து எழுதும் நேரமும் குத்தகையில் வேலை நேரமாகச் சேரும். 'முடிந்தவரை' என்ற சொல்லை இயக்குநரே எடுக்கச் சொன்னார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. முப்பது வருஷத்தில் முதல் கடிதம். கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எழுதுனது நீதானே?" என்றார். இரண்டு கோப்பி கலக்கி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கிள்ளானில் பாதிக் குளம் போனது போனதுதான். அங்கே இப்போது லோரிகள் நிற்கின்றன. மீதிப் பாதியைச் சுற்றி வேலி போட்டு, கால்வாய் வாயைத் திறந்து விட்டிருக்கிறோம். கோரையை அண்ணனே ஆள் வைத்துத் திரும்ப நட்டார். ஆனால் நீர்நாய்கள் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால்வாயின் அந்தக் கோடியில் ஒன்றைப் பார்த்ததாக ஒரு லோரி ஓட்டுநர் சொன்னாராம். அண்ணன் அதை என்னிடம் சொல்லும்போது, "நாயாக்கூட இருக்கலாம்மா, அவனுக்குக் கண்ணு சரியில்ல" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கண்ணாடிக்கு வழி கிடைத்தது. கிழக்குப் பக்கம் முழுவதும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை வெளியிலிருந்து ஒட்டினோம். கட்டடத்துக்கு அம்மை போட்டது போல இருக்கிறது என்று நான்கு மாடிகளிலிருந்து புகார் வந்தது. மழைக்கால மாதங்களில் மேல்மாடி விளக்குகளை அணைக்கிறோம். அடுத்த தீபாவளி நேரத்தில் பறவை விழுவது வெகுவாகக் குறைந்தது. அறவே நின்றுவிடவில்லை. இந்தோனேசியப் பெண் இன்னும் சில காலைகளில் எழுதத்தான் செய்கிறார். அவருடைய குத்தகையில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது.

அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம் என்று குத்தகைக்காரர் ஒப்புக்கொண்டபோது, அவர் அந்த வேலையையே விட்டுவிட்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார் என்று தெரிந்து ஒரு சனிக்கிழமை போனேன். எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். புள்ளி ஒட்டியதையும், விளக்கு அணைப்பதையும், அவருடைய நோட்டுப் புத்தகத்தை இயக்குநரே கேட்டதையும் சொன்னேன்.

"நல்லது மேடம்" என்றார்.

"நீங்க வந்தா அதே இடம்தான்க்கா. எழுதுறதும் வேலையில சேர்ந்துருச்சு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"வேணாம் மேடம். இங்க நல்லாத்தான் இருக்கு." சாம்பார் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் குருவின்னா பறக்குறது. எனக்கு அப்படி இல்ல. அத்தன வருஷமும் நான் செத்ததைத்தானே பாத்தேன்."

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டார். போதும் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கடையில் கூட்டம், அடுத்த மேசையில் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார். பிறகு இரண்டு முறை போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

கடைசியாக ரவாங். வேலியோரத்தில் மருந்து தெளிப்பதை நிறுத்தி, பறவைகள் தரையில் கூடு கட்டும் மாதங்களில் புல்லை உயரமாக விட வேண்டும் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதினோம். புல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார்கள். பெரிய கம்பெனி புல் வெட்ட ஆள் வைக்காமல் மிச்சம் பிடிக்கிறது, பாம்பு வருகிறது என்று புகார். இயக்குநர் என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தாமான் மண்டபம், நாற்பது பேர் இருப்பார்கள். தரையில் கிடக்கும் முட்டைகளைப் பற்றிச் சொன்னேன். படம் காட்டினேன். வீட்டுப் பக்கத்து ஓரத்தை மட்டும் வழக்கம் போல வெட்டித் தருகிறோம் என்றும் சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஓர் ஆன்டி எழுந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"முட்டை எல்லாம் சரிம்மா. பாம்பு என் வீட்டுக்குள்ள வந்தா யாரு பொறுப்பு? உங்க கம்பெனி பெருசு. நாங்க யாரைக் கூப்பிடுறது?"

கம்பெனியில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்தில் காற்றாடி ஓடவில்லை, எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

"என்னைக் கூப்பிடுங்க ஆன்டி" என்றேன். அவருடைய போனை வாங்கி என் எண்ணை நானே பதிந்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவர் கூப்பிடுகிறார். வாரம் ஒரு முறை, சில வாரம் மூன்று. ஒருமுறை நிஜமாகவே பாம்பு, தீயணைப்புப் படையினர் வந்து பிடித்துப் போனார்கள். ஒருமுறை தோட்டத்து ரப்பர்க் குழாய். நேற்று நான் கூட்டத்தில் இருக்கும்போது அழைத்தார். வெளியே வந்து எடுத்தேன்.

"அம்மா, வேலிப் பக்கம் என்னமோ நிக்குது. கருப்பா, குச்சிக் காலு. அது பாட்டுக்கு நிக்குது, போக மாட்டேங்குது."

"பக்கத்துல போகாதீங்க ஆன்டி. முட்டை ஏதும் கெடக்கான்னு தூரத்திலிருந்தே பாருங்க."

"பாத்துட்டேன்," என்றார். "ரெண்டு. எங்க வீட்டுப் பூனைய உள்ள கட்டிப் போட்டிருக்கேன். எத்தன நாளைக்குக் கட்டிப் போடணும், அதச் சொல்லுங்க."